மீன்மனிதன் கடந்து வந்த வழி

1987ஆம் ஆண்டு டிசம்பர்த் திங்களில் ஜப்பான் நாட்டில் ‘ஃபைனல் ஃபேன்டசி’ என்னும் வீடியோ விளையாட்டு விற்பனைக்கு வந்தது. ஹிரோனோபு சகாகுச்சியின் தலைமையில் ஸ்குவேர் நிறுவனத்தார் உருவாக்கிய ஆட்டம் அது. ஆடுவோர் நான்கு வீரர்களைத் தேர்ந்து, அவர்களாகவே தம்மைப் பாவித்து, ஊர் ஊராகவும் கடல் கடந்தும் செல்ல வேண்டும். பாத்திரமேற்று ஆடும் விளையாட்டு என்று இவ்வகையைக் குறிப்பர். கப்பலேறிக் கடலில் செல்லுங்கால் நீரினின்றும் ஓர் உயிர் எழுந்து வழிமறிக்கும். அதன் உடம்பு செதிலும் துடுப்பும் உடையது. நிற்பதோ மனிதனைப் போல இரு கால் ஊன்றி. அதன் பெயர் சஹாகின். அதனை வீழ்த்தினால் வீரர்களுக்கு அனுபவப் புள்ளியும் சிறிது பொருளும் சேரும். அதன்பின் கப்பல் நகரும்.

அதே ஆட்டத்தில் மண், நெருப்பு, நீர், காற்று ஆகிய நான்கினையும் கெடுக்கும் நான்கு பெரும்பகைகள் உண்டு. அவற்றுள் காற்றுக்கு உரிய பகை, பல தலை கொண்ட ஒரு நாகம். அதன் பெயர் தியாமத். சஹாகினுக்கும் தியாமத்துக்கும் அந்த ஆட்டத்தில் உறவு ஏதும் இல்லை. ஒன்று சிறுபகை; மற்றொன்று பெரும்பகை. ஆயின் மூவாயிரம் ஆண்டுகட்கு மேற்பட்ட பழைமையுடைய ஒரு காப்பியத்தில், தியாமத் என்பவள் தாய். மீன்மனிதன் அவள் படைத்த மகன். தாயும் மகனும் பிரிந்து, பொருள் இழந்து, ஓர் ஆட்டத்தின் வெவ்வேறு மூலைகளில் வந்து சேர்ந்த வரலாறு சுவையானது. மனித இனம் ‘கலப்பு’ என்பதனைக் காலந்தோறும் எவ்வாறு கருதி வந்தது என்பதும் அவ்வரலாற்றினுள் அடங்கியிருக்கிறது.

அக்காப்பியம் பாபிலோனியருடையது. ‘எனுமா எலிஷ்’ என்று அதனை அழைப்பர். ஏழு களிமண் பலகைகளில் ஆப்பெழுத்தால் எழுதப்பட்ட படைப்புக் கதை அது. ஆங்கிலேயராகிய லேயார்டும், மோசுல் நகரத்தவராகிய ரசாமும் பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் நினிவே நகரின் மேட்டை அகழ்ந்து, அசுர்பானிபால் மன்னனின் நூலகத்தை வெளிக்கொணர்ந்தனர். அங்குக் கிடைத்த உடைந்த பலகைகளை ஒன்றோடொன்று பொருத்திப் படித்த ஜார்ஜ் ஸ்மித், 1876இல் இக்கதையை ஆங்கிலத்தில் நூலாக்கினார். இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு மேல் மண்ணுள் கிடந்த தியாமத் மீண்டும் மனிதர் நாவில் வழங்கலானது அப்போதுதான்.

படைப்பின் தொடக்கத்தில் வானும் இல்லை, நிலமும் இல்லை. இருந்தவை இரண்டு நீர்களே. ஒன்று அப்சு என்னும் நன்னீர். மற்றொன்று தியாமத் என்னும் உவர்நீர். அவ்விரு நீரும் ஒன்றாய்க் கலந்தன. அக்கலப்பிலிருந்து தேவர்கள் பிறந்தனர். ஆறு கடலில் கலக்கும் கழிமுகத்தில் வாழ்ந்த மக்களுக்கு இக்கற்பனை தோன்றியதில் வியப்பில்லை. பின்னர் இளந்தேவர்களின் ஆரவாரத்தைப் பொறாத அப்சு அவர்களை அழிக்கக் கருத, ஏயா என்னும் தேவன் முந்திக்கொண்டு அப்சுவைக் கொன்றான். கணவனை இழந்த தியாமத் வெகுண்டு பதினொரு கொடிய உயிர்களைப் படைத்தாள். தேள்மனிதன் அவற்றுள் ஒருவன். மீன்மனிதனும் ஒருவன், குலுல்லு என்பது அவன் பெயர். இடுப்புக்கு மேல் மனிதன், கீழே மீன். இறுதியில் மர்துக் என்னும் தேவன் தியாமத்தைக் கொன்று, கருவாட்டுக்கு மீனைக் கீறுவது போல அவள் உடலை இரண்டாகப் பிளந்தான். ஒரு பாதியைக் கொண்டு வானத்தை அமைத்தான்.

தோற்ற பதினொருவரின் நிலை என்ன ஆயிற்று? மர்துக் அவர்களுடைய உருவங்களை அப்சுவின் வாயிலில் நிறுத்தினான் என்கிறது காப்பியம். நடந்தது மறக்கப்படாதிருக்க அவ்வாறு செய்தானாம். நேற்றுப் பகைவனாயிருந்தவன் இன்று வாயில் காப்போன் ஆனான். இது கதையளவில் நின்றுவிடவும் இல்லை. அசீரிய நாட்டில் வீடும் அரண்மனையும் கட்டுவோர், கலப்புடல் கொண்ட சிறு களிமண் உருவங்களைச் செய்து, தரைக்கு அடியில் பெட்டியிலிட்டுப் புதைத்தனர். நோயும் தீய ஆவியும் உட்புகாமல் அவை காக்கும் என்பது அவர்தம் நம்பிக்கை. அகழ்வாய்வில் அத்தகைய உருவங்கள் பல கிடைத்துள்ளன. மீன்தோலைத் தலைமுதல் முதுகுவரை போர்த்தி நிற்கும் தாடி வைத்த முனிவர் உருவங்களும் அவற்றுள் உண்டு.

அம்முனிவர்கள் ஏழு பேர். அப்கல்லு என்று அவர்களைப் பாபிலோனியர் அழைத்தனர். அவர்களைப் பற்றி வெளியுலகுக்கு முதலில் அறிவித்தவர் பெரோசஸ் என்னும் பாபிலோனியப் பூசாரியார். அலெக்சாந்தரின் படையெடுப்புக்குப் பின், கி.மு. மூன்றாம் நூற்றாண்டின் முற்பகுதியில், தம் நாட்டு வரலாற்றைக் கிரேக்க மொழியில் எழுதினார் அவர். அந்நூல் அழிந்துபோயிற்று; பிறர் எடுத்தாண்ட பகுதிகளே எஞ்சியுள்ளன. அவற்றுள் ஓவான்னஸ் என்பவனின் கதை வருகிறது. அவனுக்கு முழுவுடலும் மீன். மீன்தலைக்குக் கீழே மனிதத் தலை. வாலை ஒட்டி மனிதக் கால்கள். குரலும் மனிதக் குரல். பகற்பொழுதில் கடலினின்று வெளிவந்து, உணவு ஏதும் உண்ணாமல், மக்களுக்கு எழுத்தையும் கணக்கையும், நகரும் கோயிலும் எழுப்பும் முறையையும், சட்டத்தையும், வேளாண்மையையும் கற்பித்தான். கதிரவன் மறைந்ததும் கடலுக்குள் சென்றுவிடுவான்.

உலக இலக்கியத்தில் ஆசிரியரைப் பற்றிய கதைகள் பல உண்டு. மாணாக்கரிடம் ஒரு பிடி சோறும் கொள்ளாது, மாலைதோறும் கடலுக்குத் திரும்பிய ஆசிரியர் இவர் ஒருவரே எனலாம். நிலத்தில் நடக்கவும் நீரில் வாழவும் வல்லவன் ஆதலாலேயே, நிலத்தார் அறியாதவற்றை அவன் அறிந்திருந்தான். கலப்புடல் அவனுக்கு இழுக்கு அன்று, தகுதி.

பாபிலோனியர் வானத்திலும் இவ்வகை உயிரொன்றை வரைந்தனர். முன்னுடல் ஆடு, பின்னுடல் மீன். ஏயா தேவனுக்கு உரிய விலங்கு அது. அவர்கள் வகுத்த பன்னிரு இராசிகளும் கிரேக்கர் வழியாக இந்தியாவுக்கு வந்தபோது, இந்த ஆட்டுமீனின் இடத்தில் மகரம் அமர்ந்தது. மகரமும் ஒரு கலப்பு விலங்கே. முதலையின் வாய், யானையின் துதிக்கை, மீனின் வால் என இடத்துக்கு இடம் அதன் உறுப்புகள் மாறும். வருணனுக்கும் கங்கைக்கும் அது ஊர்தி, காமனுக்குக் கொடி. ஞாயிறு மகரத்துள் புகும் நாளே தைத்திங்களின் முதல்நாள் ஆதலின், பொங்கலிடும் தமிழர் இல்லம் ஒவ்வொன்றும் அவ்விலங்கோடு தொடர்புடையதே. தென்திருப்பேரையில் பெருமாளின் திருப்பெயரே மகரநெடுங்குழைக்காதர். பல்லவர், சோழர் கோயில்களில் தெய்வத்தின் தலைக்கு மேல் வளையும் தோரணத்தின் இரு முனைகளிலும் மகரங்கள் வாய் பிளந்து நிற்கின்றன. பாபிலோனில் வாயிலைக் காத்தது மீன்மனிதன். ஈண்டு அப்பணி மகரத்துக்கு.

கடல் கடந்தும் மகரம் அப்பணியை விடவில்லை. சாவகத்துப் போரோபுதூரில் மழைநீர் வடியும் தூம்புகள் பல மகர வாயாகவே செதுக்கப்பட்டன. சுமாத்திராவின் ஜாம்பிப் பகுதியில் சொலோக் சிப்பின் என்னும் இடத்தில் கிடைத்த கல்மகரம் ஒன்றில் கி.பி. 1064க்கு ஒத்த சக ஆண்டு பொறிக்கப்பட்டுள்ளது. நீரைக் காப்பதும் வாயிலைக் காப்பதும் இவ்விலங்கின் தொழிலாக இப்பகுதி முழுவதும் வேரூன்றியிருந்தது. சிங்கப்பூர் ஆற்றின் முகத்துவாரத்தில் 1972 செப்டம்பர் 15ஆம் நாள் பிரதமர் லீ குவான் இயூ திறந்துவைத்த மெர்லயன் சிலையைப் பார்ப்போருக்கு இது நினைவுக்கு வரலாம். சிங்கத் தலையும் மீன் உடலும் கொண்டு, 8.6 மீட்டர் உயரத்தில், வாயினின்று நீர் உமிழும் அவ்வுருவம் பழங்கதையில் உள்ளதன்று. 1964இல் சுற்றுலாக் கழகத்தின் சின்னமாக வரையப்பட்டது. வரைந்தவர் அலெக் ஃபிரேசர் புரூனர், வான் கிளீஃப் மீன் காட்சியகத்தின் பொறுப்பாளர். மீன்களை வகைப்படுத்துவதையே தொழிலாகக் கொண்ட அறிவியலார். எந்த மீனுக்கும் சிங்கத் தலை இல்லை என்பதை அவரினும் நன்கு அறிந்தவர் அந்நகரில் இருந்திருக்க முடியாது.

அவருக்கு நூறாண்டுகட்கு முன் வேறொரு விலங்கியலார் இதற்கு நேர்மாறான பணியைச் செய்தார். பதினாறாம் நூற்றாண்டின் நடுவில் டென்மார்க் கடலில் பிடிபட்டது என்று சொல்லப்பட்ட ‘கடல் துறவி’, துறவியின் மழித்த தலையும் மேலங்கியும் மீனின் வாலும் கொண்டதாக அக்காலத்து மீன் நூல்களில் படமாக இடம்பெற்றிருந்தது. 1854இல் டென்மார்க்கு அறிஞர் ஸ்டீன்ஸ்ட்ரப், அது பெருங்கணவாயே என்று வாதிட்டார். பின்வந்தோருள் சுறாவகை என்போரும் உளர். எவ்வாறாயினும் துறவி மறைந்தார், கடலுயிர் எஞ்சியது. ஐரோப்பாவில் கடலின் கலப்புயிர்கள் இங்ஙனம் ஒன்றன்பின் ஒன்றாக அறிவியலின் பட்டியலுக்குள் அடங்கிவந்த காலத்தில், ஒரு பெயர் மட்டும் தவறான பொருளோடு தப்பிப் பிழைத்தது. அது தாகோன்.

தாகோன், விவிலியத்தில் வரும் பெலிஸ்தரின் தெய்வம். உடன்படிக்கைப் பேழையின்முன் அச்சிலை விழுந்து, தலையும் கைகளும் துண்டிக்கப்பட, தாகோன் மட்டும் எஞ்சிற்று என்று சாமுவேலின் முதல் நூல் கூறுகிறது. தலையும் கையும் போனபின் எஞ்சியது யாது? எபிரேய மொழியில் ‘தாக்’ என்றால் மீன். ஆகவே எஞ்சியது மீனுடல் என்று இடைக்கால உரையாசிரியர் சிலர் உரை கண்டனர். அவ்வுரை நிலைத்துவிட்டது. 1667இல் மில்டன் வெளியிட்ட ‘இழந்த சுவர்க்கம்’ என்னும் காப்பியத்திலும் தாகோன் மேலே மனிதன், கீழே மீன். நினிவேயிலும் நிம்ரூதிலும் மீன்போர்வை அணிந்த முனிவர் சிற்பம் கிடைத்தபோது, பத்தொன்பதாம் நூற்றாண்டு அறிஞர் பலர் அதுவே தாகோன் என்று மகிழ்ந்தனர்.

உண்மை வேறு. ‘தாகான்’ என்றால் அதே எபிரேய மொழியில் தானியம். 1929இல் தொடங்கிய உகாரித்து அகழ்வாய்வும், 1933இல் தொடங்கிய மாரி அகழ்வாய்வும் தாகான் சிரியப் பகுதியின் பெருந்தெய்வங்களுள் ஒருவன் என்பதைப் பலகை பலகையாக எடுத்துக்காட்டின. யூப்ரடிஸ் ஆற்றின் நடுப்பகுதியில், கடலுக்கு நெடுந்தொலைவில், விளைச்சலோடும் அரசோடும் இணைத்துப் போற்றப்பட்டவன் அவன். மீனுக்கும் அவனுக்கும் தொடர்பு இல்லை. ஒலி ஒப்புமை ஒன்றையே நம்பிச் சொல்லுக்கு வேர் காண்பது எத்துணை இடர் தரும் என்பதற்கு இதனினும் சிறந்த சான்று அரிது. ஓர் உரையாசிரியர் செவிகொண்டு கண்ட பொருளால், கதிர்மணியின் தெய்வம் பல நூற்றாண்டு செதில் சுமந்து வாழ நேர்ந்தது.

திருத்தம் வெளிவந்த காலத்திலேயே, திருத்தப்படாத தாகோன் புனைகதைக்குள் புகுந்துவிட்டான். அமெரிக்க எழுத்தாளர் ஹெச். பி. லவ்கிராஃப்ட் 1917இல் ‘தாகோன்’ என்னும் பெயராலேயே ஒரு சிறுகதை எழுதினார். 1931இல் அவர் எழுதி 1936இல் நூலாக வந்த ‘இன்ஸ்மவுத்தின் நிழல்’ என்னும் நெடுங்கதை அதனினும் புகழ்பெற்றது. இன்ஸ்மவுத் ஒரு பாழடைந்த கடற்கரை ஊர். அங்குள்ளோர் பொன்னுக்கும் மீன்வளத்துக்கும் ஆசைப்பட்டுக் கடலடி இனம் ஒன்றோடு மணவுறவு கொண்டனர். அவர்களின் பிள்ளைகள் பிறக்கையில் மனிதராயும், வயது ஏற ஏறச் செவுளும் பிதுங்கிய கண்ணும் உடையோராயும் மாறுகின்றனர். ஊரில் தாகோன் பெயரால் ஒரு மறைசமயம் நடைபெறுகிறது. கதை சொல்பவனே இறுதியில் தன் உடம்பிலும் அக்குருதி ஓடுவதைக் கண்டறிகிறான்.

கதைநயம் வாய்ந்த படைப்பு என்பதில் ஐயமில்லை. ஆயினும் அதன் அச்சம் எதனின்று பிறந்தது என்பதை மறைத்தல் தகாது. லவ்கிராஃப்ட் குடியேறியோரையும் பிற இனத்தாரையும் இழிவாகக் கருதியவர் என்பதற்கு அவர்தம் கடிதங்களே சான்று. கலப்புமணத்தால் குருதி கெடும் என்னும் அக்காலத்து அமெரிக்க அச்சத்தையே அவர் செதில் போர்த்திக் காட்டினார் என்று திறனாய்வாளர் பலர் எழுதியுள்ளனர். பாபிலோனியருக்கு எழுத்தறிவித்த ஆசானின் உடல், இருபதாம் நூற்றாண்டில் மறைக்கவேண்டிய குடும்ப இழுக்கு ஆயிற்று. உருவம் ஏறத்தாழ அதுவே. மாறியது பார்ப்பவர் கண்.

1974இல் கேரி கைகாக்ஸ், டேவ் ஆர்னசன் என்னும் இருவர் ‘டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ்’ என்னும் ஆட்டத்தை வெளியிட்டனர். கணினி வேண்டாத ஆட்டம் அது. மேசையைச் சுற்றி அமர்ந்து, தாளும் எழுதுகோலும் பகடையும் கொண்டு ஆடுவது. முதற்பதிப்பு 1000 படிகளே. ஆடுவோர் எதிர்த்துப் போரிடப் பலவகை உயிர்கள் தேவைப்பட்டமையால், ஆசிரியர்கள் உலகத்துத் தொன்மங்களையும் புனைகதைகளையும் துருவினர். கைகாக்ஸ் தமக்கு ஊக்கமளித்த எழுத்தாளர் வரிசையைப் பின்னர் 1979இல் அச்சிட்டபோது, லவ்கிராஃப்டின் பெயரும் அதில் இருந்தது. 1975இல் வந்த இணைப்பு நூலொன்றில் கடலடி உயிர்கள் பல சேர்க்கப்பட்டன. அவற்றுள் ஒன்றே சஹுவாகின்: மீன்மனிதன்; கூட்டமாக வாழ்பவன்; கரையோர ஊர்களைச் சூறையாடுபவன். வெளியிட்ட நிறுவனம் இருந்ததோ கடலே இல்லாத விஸ்கான்சின் மாநிலத்தில்.

1977இல் அதே நிறுவனம் அச்சிட்ட கொடுவிலங்கு நூலில் ஒவ்வோர் உயிருக்கும் ஒரே படிவம் நிரப்பப்பட்டிருக்கிறது. எத்தனை பேராக வரும், கவசத்தின் வலிமை என்ன, எத்தனை அடி தாங்கும், இருப்பிடத்தில் எவ்வளவு பொருள் வைத்திருக்கும் என்பவை எண்களாக நிற்கின்றன. சஹுவாகினுக்கும் அவ்வாறே. அரசன் உண்டு, சுறாக்கள் துணை உண்டு, அரிதாக நான்கு கைகளுடன் பிறப்பதும் உண்டு என்று படிவத்துக்குக் கீழே விரிவான விளக்கமும் உளது. அதே நூலில் தியாமத், ஐந்து தலை கொண்ட தீய நாகங்களின் அரசி. கடல் என்னும் பொருளை அவள் இழந்துவிட்டாள். பூசாரியின் பார்வைக்கும் எழுத்தாளனின் பார்வைக்கும் பின் வந்தது இக்கணக்கரின் பார்வை. குறைகூறுவதற்கு முன் ஒன்றை ஒப்ப வேண்டும்: தியாமத் என்னும் சொல்லை உலகெங்கும் இளைஞர் பலர் முதன்முதலில் கேட்டது ஜார்ஜ் ஸ்மித்தின் நூலால் அன்று, இந்நூல் வழிவந்த ஆட்டங்களால்தான்.

அவ்வழியே 1987இன் ஜப்பானிய ஆட்டத்துக்கு வந்தால், சஹுவாகின் ஓரெழுத்துச் சுருங்கிச் சஹாகின் ஆகி நிற்கிறான். அவ்வாட்டம் முழுவதும் 256 கிலோபைட்டு நினைவகத்துக்குள் அடங்கியது. இன்று கைப்பேசியில் எடுக்கும் ஒரு புகைப்படம் அதனைப் போலப் பன்மடங்கு இடம்கொள்ளும். ஆதலால் ஒவ்வோர் உயிருக்கும் தனி ஓவியம் வைக்க இடமில்லை. ஒரே சஹாகின் உருவத்துக்கு நிறத்தை மட்டும் மாற்றி மூவகை மீன்மனிதரை ஆக்கினர். நிறம் மாறினால் வலிமையும் மாறும். அசீரியக் குயவன் ஒரே அச்சில் காவல் உருவங்களை எடுத்த கதைதான். ஆனால் அவன் எடுத்தவை காப்பதற்கு, இவை வெட்டுண்பதற்கு.

ஆட்டத்தின் ஒரு பகுதி கடலடியில் மூழ்கிய ஆலயத்தில் நிகழ்கிறது. நீருக்கு உரிய பெரும்பகையாகிய கிராக்கன் அங்கே உறைகிறது. நீருக்கடியில் மூச்சுவிட ஒரு தேவதை தரும் காற்றைப் பெற்றுக்கொண்டே வீரர்கள் இறங்க வேண்டும். அவ்வாலயத்தில் கடற்கன்னியரும் வாழ்கின்றனர். அவர்களும் பாதி மனிதர், பாதி மீனே. ஆயின் அவர்கள் தாக்குவதில்லை. தம் துயரைச் சொல்லி உதவி வேண்டுகின்றனர். கேட்டபின் வீரர்கள் அடுத்த அறைக்குச் சென்றால் சிவந்த சஹாகின்கள் பாய்கின்றன. அவற்றுக்கோ பேச ஒரு சொல்லும் தரப்படவில்லை. ஓவான்னஸ் என்னும் ஒரே உருவில் இணைந்திருந்த அழகிய குரலும் அச்சந்தரும் செதிலும் ஈண்டு இரண்டாகப் பிரிக்கப்பட்டு, குரல் கன்னியருக்கும் செதில் பகைவருக்கும் பங்கிடப்பட்டன.

தாயாகிய தியாமத்தை அக்கடலடி ஆலயத்தில் தேடினால் கிடைக்கமாட்டாள். அவளைச் சந்திக்க வீரர்கள் கடலை விட்டு நீங்கி, பாலைவனம் கடந்து, மேகங்களுக்கு மேல் மிதக்கும் ஒரு கோட்டைக்கு ஏற வேண்டும். மர்துக் அவள் உடலின் பாதியை விரித்து வைத்த இடமும் அந்த வானமே.